பெயர் வைக்க அவசரப்படாதீர்கள்

பி.எட். சேர்ந்தபின் உளவியல் பாடத்தில் மனத்தைப் பறிகொடுத்தவர்கள், பி.எஸ்சி. உளவியல் முடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துப் பக்கம் வர நினைப்பவர்கள், எம்.எட்.டா எம்.எஸ்சி. உளவியலா என்று முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்கள் என மூன்று தரப்பாரும் என்னைத் தேடி வருகிறார்கள். கல்வியியல் கல்லூரியில் உளவியல் நடத்தி ஓய்வு பெற்றவளைத் தேடி வேறு யார் வரப்போகிறார்கள்? வந்ததும் கேட்பது, “மேடம், எந்தப் புத்தகம் படிக்கட்டும்?” என்பதைத்தான். புத்தகத்தை நூலகர் எடுத்துத் தருவார். அவர் எடுத்துத் தர முடியாத சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

1. இரண்டு படிப்பும் இரண்டு வேறு கேள்விகளைக் கேட்பவை என்பதை முதல் வாரத்திலேயே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிள்ளை எப்படிக் கற்கிறது, எதை மறக்கிறது, எப்போது பயப்படுகிறது என்று கேட்பது உளவியல். அது எதைக் கற்க வேண்டும், எந்த மொழியில், யார் முடிவு செய்வது, யார் செலவில் என்று கேட்பது கல்வியியல். முதல் வகைக் கேள்விக்குச் சோதனை செய்து விடை தேடலாம். இரண்டாம் வகைக் கேள்விக்கு எத்தனை சோதனை செய்தாலும் விடை வராது. வாதாடித்தான் தீர வேண்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குச் செய்யுள்களை விரைவில் மனப்பாடம் செய்விப்பது எப்படி என்று உளவியல் சொல்லித்தரும். மனப்பாடம் செய்விக்கத்தான் வேண்டுமா என்று கேட்டால் வாய் திறக்காது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் ஆசிரியர்களுக்கு ஆற்றிய உரைகள் 1899இல் நூலாக வந்தன. மன இயலின் விதிகளிலிருந்து பாடத்திட்டத்தையும் வகுப்பு நடத்தும் முறையையும் நேராக வடித்தெடுத்துவிடலாம் என்று நம்புவது பெரும் தவறு என்று அவர் அன்றே எச்சரித்தார். நூற்றாண்டு கடந்தும் அந்த எச்சரிக்கையைக் கேட்காதவர்கள்தான் ‘மூளை அறிவியல்படி கற்பிக்கிறோம்’ என்று பள்ளி வாசலில் பலகை மாட்டுகிறார்கள்.

2. பணம் கட்டுமுன் காகிதத்தைப் படியுங்கள்.

இதில் ஏமாந்து வருபவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டேன். பி.எட். என்பது பள்ளிப் பாடம் ஒன்றைக் கற்பிக்கத் தரும் பட்டம். உங்கள் இளங்கலைப் பாடம் பள்ளியில் எந்தப் பாடமாக எண்ணப்படுகிறது என்பதைப் பொறுத்தே சேர்க்கையும் பிற்பாடு வேலையும். உளவியலை மட்டும் முதன்மைப் பாடமாகப் படித்தவர்கள், தங்களுக்கு எந்தத் தகுதி கேட்கிறார்கள் என்பதை அந்தந்த ஆண்டின் சேர்க்கைக் கையேட்டில் பார்த்துவிட்டு மேலே போங்கள். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 11, 12ஆம் வகுப்புகளில் உளவியல் ஒரு பாடம். அதை நம்பிப் படிப்பவர்கள், அது எல்லாப் பள்ளியிலும் நடத்தப்படும் பாடமல்ல என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பி.எட்.டில் படிக்கிற உளவியல் உங்களை ஆசிரியர் ஆக்கும், உளவியலாளர் ஆக்காது. எம்.எஸ்சி. உளவியல் மட்டும் உங்களை மருத்துவ உளவியலாளர் ஆக்கிவிடாது. அதற்கும் சிறப்புக் கல்விக்கும் இந்திய மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரித்த படிப்பும் அதில் பதிவும் வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது அந்தக் குழுமம். எல்லோரும் ஆர்.சி.ஐ. என்பார்கள். சிறப்புக் கல்வியில் நாட்டம் இருப்பவர்கள் முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகை மாற்றுத்திறனுடையோருக்கான தேசிய நிறுவனத்தை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து வாருங்கள்.

வேலையில் இருந்துகொண்டே அஞ்சல் வழியில் எம்.எஸ்சி. உளவியல் முடித்துவிடலாம் என்று நம் ஆசிரியர்கள் பலர் காலங்காலமாகச் செய்துவந்தார்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைநிலையிலும் இணைய வழியிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. அறிவித்துவிட்டது. பழைய விளம்பரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடமும் முன்பணம் கட்டாதீர்கள்.

3. ஒரு பிள்ளைக்கும் பெயர் வைக்காதீர்கள்.

உளவியல் படிக்கத் தொடங்கிய இரண்டே மாதத்தில் குடும்பத்தில் எல்லோருக்கும் வியாதி வந்துவிடும். அத்தை பேரனுக்கு ஏ.டி.எச்.டி., எதிர்வீட்டுக் குழந்தைக்கு ஆட்டிசம், மாமனாருக்குத் தன்மோகம். வீட்டோடு போனால் சிரித்துவிட்டு விடலாம். கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிக்குப் போகும்போதும் அதே நாக்கோடு போகிறீர்களே, அங்கேதான் எனக்கு அச்சம்.

பள்ளியில் ஏற்கெனவே பெயர்கள் தயாராக இருக்கும். காலாண்டுத் தேர்வு விடைத்தாள் திருத்தி முடிந்ததும் ‘மெல்லக் கற்போர்’ பட்டியல் ஒன்று எழுதப்படும். அதில் இருப்பவர்களுக்குத் தனி வரிசை, மெலிந்த தனிக் கையேடு, அதே இரண்டு மதிப்பெண் வினாக்களைத் திரும்பத் திரும்ப எழுதும் மாலை வகுப்பு. தேர்ச்சி விழுக்காட்டுக்குத் தலைமையாசிரியர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் பட்டியலில் ஏறிய பெயர் அரையாண்டில் இறங்குவதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். கையேட்டில் இல்லாத பாடத்தை அந்த வரிசைக்கு யாரும் நடத்துவதில்லை. நடத்தாத பாடத்தில் கேள்வி வந்தால் பிள்ளை எப்படி எழுதும்?

ராபர்ட் ரோசென்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் 1968இல் வெளியிட்ட ஆய்வை உங்கள் பாடநூல் இரண்டு வரியில் முடித்திருக்கும். முழுதாகத் தேடிப் படியுங்கள். கலிபோர்னியாவில் ஒரு தொடக்கப் பள்ளி. ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, இவர்கள் இந்த ஆண்டு மலரப்போகிறவர்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். ஆண்டு முடிவில் முதல், இரண்டாம் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகளின் நுண்ணறிவு மதிப்பெண் மற்றவர்களைவிடக் கூடியிருந்தது. மேல்வகுப்புகளில் அப்படிப் பெரிதாக ஒன்றும் இல்லை. அளவீட்டு முறையைப் பற்றிக் கடுமையான விமரிசனங்களும் வந்தன. இதையெல்லாம் சேர்த்துத் தெரிந்துகொண்டால்தான் அந்த ஆய்வு உங்களுக்குப் பயன்படும். ‘நம்பினால் பிள்ளை மேதையாகும்’ என்று மேடையில் முழங்குபவர்கள் பாதியை மட்டும் படித்தவர்கள்.

ஆல்ஃபிரெட் பினே கதையையும் இதோடு வைத்துப் படியுங்கள். வழக்கமான வகுப்பில் தேற முடியாத பிள்ளைகளை இனங்காண வழி சொல்லும்படி 1904இல் பிரெஞ்சு அரசு அமைத்த குழுவில் அவர் இருந்தார். அடுத்த ஆண்டே சீமோனுடன் சேர்ந்து ஒரு சோதனை அளவுகோலைச் செய்தார். உதவி தேவைப்படும் பிள்ளையைக் கண்டு உதவி செய்ய வேண்டும் என்பதே அதன் நோக்கம். அறிவு என்பது கூடாது குறையாது நிலைத்த ஒன்று என்பதை அவர் ஏற்கவில்லை. 1911இல் இறந்துபோனார். சில ஆண்டுகளுக்குள் அதே சோதனையை அமெரிக்காவில் காடர்டு என்பவர் கப்பலில் வந்திறங்கிய ஏழைக் குடியேறிகளை வடிகட்டப் பயன்படுத்தினார். கருவி மாறவில்லை, கை மாறியது. நாளை உங்கள் கையிலும் அதுபோன்ற கருவிகளைத் தரப்போகிறார்கள்.

அதனால் ஒரு பழக்கம் சொல்கிறேன். பயிற்சிக் காலத்துக் குறிப்பேட்டில் பண்புப் பெயர் எதையும் எழுதாதீர்கள். ‘கவனமில்லாதவன்’ என்று எழுதாமல், ‘கணக்கு வகுப்பில் பத்து நிமிடத்தில் நான்கு முறை சன்னல் பக்கம் திரும்பினான், மூன்று முறை வெளியே சத்துணவுக் கூடத்தில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது’ என்று எழுதுங்கள். இரண்டாவதைப் படிக்கிறவருக்கு, பையன் காலையில் சாப்பிட்டானா என்று கேட்கத் தோன்றும். முதலாவதைப் படிக்கிறவருக்கு எதுவும் தோன்றாது.

4. பிள்ளையின் விடையைச் சோதிக்குமுன் உங்கள் கேள்வியைச் சோதியுங்கள்.

பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆய்ந்த பியாஜே, வைகாட்ஸ்கி இருவரும் பிறந்தது 1896இல். ஒருவர் எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்தார். மற்றவர் காசநோயில் 37 வயதில் போய்விட்டார். தேர்வுக்காக இருவரையும் ஒரே அட்டவணையில் இரண்டு பத்தியாக எழுதி மனப்பாடம் செய்வீர்கள். செய்யுங்கள், மதிப்பெண் வேண்டும். ஆனால் பியாஜேயின் தண்ணீர்ச் சோதனையை ஒருமுறையாவது நீங்களே செய்து பாருங்கள்.

ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் சமமாகத் தண்ணீர். “இரண்டிலும் ஒரே அளவா?” பிள்ளை ஆமாம் என்கிறது. ஒன்றை ஒல்லியான உயரமான பாத்திரத்தில் ஊற்றுகிறீர்கள். “இப்போது ஒரே அளவா?” ஐந்து வயதுப் பிள்ளை, உயரமானதில்தான் அதிகம் என்கிறது. அளவு மாறாமை பற்றிய அறிவு இன்னும் வரவில்லை என்று பாடநூல் முடித்துவிடும்.

நம் வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். ஆசிரியர் ஒரு கேள்வியைக் கேட்டு, பிள்ளை விடை சொன்னபின் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால் என்ன பொருள்? முதல் விடை தப்பு என்று பொருள். பள்ளிக்கூடம் சேர்ந்த மாதத்திலேயே இதைப் பிள்ளைகள் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். “சரியா யோசிச்சுச் சொல்லு” என்றால் உடனே விடையை மாற்றுவார்கள், சரியாகச் சொன்னதையும்கூட. 1974இல் ரோஸ், பிளாங்க் என்ற இருவர் அமெரிக்காவில் இதே வகைச் சோதனையை, தண்ணீருக்குப் பதில் வரிசையாக அடுக்கிய காய்களை வைத்து, முதல் கேள்வியை விட்டுவிட்டு, உருமாற்றியபின் ஒருமுறை மட்டும் கேட்டுப் பார்த்தார்கள். தவறான விடைகள் குறைந்தன. அதே காலத்தில் ஸ்காட்லாந்தில் மார்கரெட் டொனால்ட்சனும் மெக்காரிகிலும் இன்னொன்று செய்தார்கள். பெரியவர் கையால் வேண்டுமென்றே மாற்றி வைக்காமல், ஒரு குறும்புக் கரடி பொம்மை ஓடிவந்து வரிசையைக் கலைத்ததாக விளையாட்டுக் காட்டினார்கள். முன்பு தவறிய பல பிள்ளைகள் இப்போது சரியாகச் சொன்னார்கள். பெரியவர் மெனக்கெட்டு ஒன்றை மாற்றினால் ஏதோ மாறித்தான் இருக்க வேண்டும் என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. தண்ணீரைப் பற்றிய கேள்விக்கு அது சொல்வது பெரியவரைப் பற்றிய விடை.

பியாஜே முழுக்கத் தவறு என்று இதற்குப் பொருளில்லை. சிறு பிள்ளைகள் பெரியவர்களைப்போல் யோசிப்பதில்லை என்ற அவருடைய அடிப்படை இன்றும் நிற்கிறது. நான் சொல்வது, பிள்ளைக்குத் தெரியவில்லை என்று எழுதுமுன் கேள்வியை வேறு வகையில், வேறு இடத்தில், முடிந்தால் வேறு ஒருவர் வாயால் கேட்டுப் பாருங்கள் என்பது. வகுப்பில் பெருக்கல் வராத பையன் வாரச் சந்தையில் அம்மா கடையில் சில்லறை தவறாமல் கொடுப்பான். அவனுக்குக் கணக்கு வராது என்று எந்தக் கையால் எழுதுவீர்கள்?

5. உளவியல் செய்முறை ரெக்கார்டை நீங்களே எழுதுங்கள்.

சீனியர் ரெக்கார்டு கைமாறி வரும் வழக்கம் எனக்குத் தெரியும். ஒரு கல்லூரிக்கு எக்ஸ்டர்னலாகப் போனபோது கண்ணாடி வரைதல் சோதனையைப் புரட்டினேன். அடுக்கி வைத்திருந்த அத்தனை ரெக்கார்டிலும் அத்தனை பேருடைய ‘சப்ஜெக்ட்’டும் விநாடி பிசகாமல் ஒரே நேரத்தில் நட்சத்திரம் வரைந்திருந்தார்கள்.

அந்தச் சோதனையை உண்மையாகச் செய்து பாருங்கள். கையை நேரடியாகப் பார்க்க முடியாதபடி மறைத்துவிட்டு, கண்ணாடியில் தெரிவதைப் பார்த்து நட்சத்திரத்தின் கோட்டின்மேல் வரைய வேண்டும். படிப்பில் முதலாவதாக வருகிற உங்கள் தோழியையே உட்காரவையுங்கள். முனையில் திரும்பும் இடத்தில் பென்சில் எதிர்ப்பக்கம் ஓடும். முதலில் சிரிப்பாள். பிறகு வியர்க்கும், “இதெல்லாம் ஒரு சோதனையா?” என்று எரிச்சல் வரும், பென்சிலை வைத்துவிட்டு எழுந்துவிடவும் கூடும். முதல் வகுப்பில் ‘அ’ எழுதக் கை வராமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் நிலை அதுதான். ஒரு கைக்குப் பழக்கினால் மறுகைக்கும் ஓரளவு பழக்கம் போய்ச் சேர்கிறது என்பது ரெக்கார்டில் எழுத வேண்டிய முடிவு. மற்றதை வைத்துக்கொள்ள வேண்டிய இடம் ரெக்கார்டு அல்ல.

6. நினைவைப் பற்றிப் படிப்பதை முதலில் உங்கள்மேலேயே பயன்படுத்துங்கள்.

எபிங்ஹாஸ் 1885இல் மறதி பற்றிய நூலை வெளியிட்டபோது அவருடைய சோதனைக்கு உட்பட்ட ஒரே ஆள் அவர்தான். பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, தானே அளந்தார். 2006இல் ரோடிகர், கார்பிக் இருவரும் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வு அதைவிட உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். படித்துவிட்டு, மூடி வைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். மஞ்சள் மார்க்கரால் பக்கம் முழுவதையும் கோடிட்டுவிட்டுப் படித்தாயிற்று என்று எழுந்திருக்கிறவர்களே, கவனியுங்கள். கைடை மூடிவிட்டு ஒரு வெள்ளைத் தாளில் எழுதுங்கள். எழுத வராத இடம்தான் நீங்கள் படிக்க வேண்டிய இடம்.

7. செத்துப்போன கருத்துகள் பாடத்திட்டத்தில் உயிரோடு இருக்கும்.

கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்பது இன்னும் நோட்ஸ்களில் இருக்கிறது. பாஷ்லரும் உடன் ஆய்ந்தவர்களும் 2008இல் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிவிட்டு, அப்படிப் பிரித்துக் கற்பிப்பதால் பயன் உண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றார்கள். இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர் என்பதும் அதே வகைதான். மாஸ்லோவின் தேவைப் படிநிலை 1943ஆம் ஆண்டுக் கட்டுரை. நாம் கரும்பலகையில் போடுகிற பிரமிடு அந்தக் கட்டுரையில் இல்லை. ஆசிரியர் தகுதித் தேர்வில் 150 கேள்விகளில் 30 குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் பற்றியவை. அங்கே கேட்பதற்கு, கேட்கிறபடி விடை எழுதிவிட்டு வாருங்கள். வகுப்பறைக்குள் அந்த விடையைக் கொண்டுபோகாதீர்கள்.

8. வாசிப்பு பற்றிய ஆய்வுகளைத் தமிழ் எழுத்தை வைத்துத் திரும்ப யோசியுங்கள்.

எல்லாவற்றிலும் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. இதில் வேலை செய்ய ஆள் போதாது.

நீங்கள் படிக்கப்போகிற வாசிப்பு உளவியல் பெரும்பாலும் ஆங்கிலத்தைப் பற்றியது: 26 எழுத்து, ஒழுங்கில்லாத உச்சரிப்பு. நம் பிள்ளை 247 எழுத்தைச் சந்திக்கிறது. அதில் பெரும்பகுதி மெய்யும் உயிர்க்குறியும் சேர்ந்தது. ‘கொடி’ என்ற சொல்லை இரண்டாம் வகுப்புப் பிள்ளை வாசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கண்ணுக்கு முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். வாய்க்கோ க் முன்னால், ஒ பின்னால். பிள்ளை ‘கெ’ என்று தொடங்கும். அடுத்து நிற்கும் காலை ரகரம் என்று எண்ணி ‘கெரடி’ என்று முடிக்கும். வகுப்பு சிரிக்கும். அந்தப் பிள்ளை செய்தது, எழுத்துகளை இடமிருந்து வலமாக ஒழுங்காக வாசித்தது. நாம் சொல்லித்தந்த விதியைத்தான் அது கடைப்பிடித்தது. எழுத்துதான் அந்த விதியை மீறி நிற்கிறது.

அடுத்தது பேச்சு. மதுரைப் பக்கத்துப் பிள்ளை ‘வாளப்பளம்’ என்று எழுதினாலும், சென்னைப் பிள்ளை ‘பள்ளி’யைப் ‘பல்லி’ என்று எழுதினாலும், கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறது. காதும் கையும் நன்றாக இணைந்திருப்பதற்கு அதுவே அடையாளம். அதைப் பிழை என்று திருத்துங்கள், குறைபாடு என்று எழுதாதீர்கள். நான் கூடுதலாகக் கவனிப்பது, ஒரே சொல்லை மூன்று வரியில் மூன்று விதமாக எழுதுகிற பிள்ளையை. வாயால் கதை சொல்லச் சொன்னால் கோவையாகச் சொல்லிவிட்டு, அதையே வாசிக்கச் சொன்னால் எழுத்தெழுத்தாகத் தடுமாறுகிற பிள்ளையை. அதுவும் சந்தேகம்தான், முடிவு அல்ல. கன்னடப் பிள்ளைகளிடம் சோனாலி நாக் செய்த ஆய்வு 2007இல் வந்தது. இத்தகைய எழுத்து முறையில் எழுத்தறிமுகம் முதலிரண்டு வகுப்போடு முடிவதில்லை, மேலேயும் நீள்கிறது என்று அது காட்டியது. ஆக, இரண்டாம் வகுப்பில் தடுமாறுகிற பிள்ளைகளில் பலருக்கு வேண்டியது காலம்.

உண்மையிலேயே கற்றல் குறைபாடு உள்ள பிள்ளையை விட்டுவிடுவதும் அதே அளவு கொடுமை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் உண்டு. பொதுவாக எட்டு வயதை ஒட்டி மதிப்பீடு செய்கிறார்கள். சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் கிடைக்கும். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1991 முதல் இதற்காகவே இயங்குகிறது. உங்கள் வேலை, கவனித்ததைத் தேதியோடு எழுதி, பெற்றோரிடம் பக்குவமாகச் சொல்லி, உரியவரிடம் அனுப்புவது. பெயரை அவர்கள் வைக்கட்டும்.

9. புள்ளியியலைக் கண்டு ஓடாதீர்கள். அதன் பின்னால் ஒளிந்துகொள்ளவும் செய்யாதீர்கள்.

எம்.எட். ஆய்வேடுகள் அடுக்கி வைத்திருக்கும் அலமாரியைத் திறந்து தலைப்புகளை வாசித்தால் ஒரே தலைப்பை மாவட்டம் மாற்றி வாசிப்பதுபோல் இருக்கும். ‘இன்ன மாவட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் தன்னம்பிக்கையும் கல்வி அடைவும்’. முந்நூறு வினாநிரல், ஆண்-பெண், நகரம்-கிராமம், அரசு-தனியார், கடைசியில் ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு உள்ளது’. சரி, அதனால் நாளைக் காலை எந்த ஆசிரியர் எதை மாற்றிச் செய்ய வேண்டும்? ஆய்வேடு சொல்லாது. ஒரே வகுப்பில், ஒரே பாடத்தில், ஒரு மாதம் ஒன்றை மாற்றிச் செய்து முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். சிறியதாக இருக்கும். வழிகாட்டி முகம் சுளிக்கலாம். பரவாயில்லை.

இரண்டு எண்கள் சேர்ந்து உயர்ந்தால் ஒன்று மற்றொன்றை உயர்த்தியது என்று ஆகாது என்பதைப் படித்திருப்பீர்கள். அதன் பொருள் உறைக்க வேண்டுமானால் மிட்டாய்ச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது ஒரு மிட்டாய், பொறுத்திருந்தால் இரண்டு என்று வால்டர் மிஷெல் செய்தது. பொறுத்த பிள்ளைகள் பிற்காலத்தில் நன்றாகப் படித்தார்கள் என்பது ஊரறிந்த கதை; நம் ஊர் மேடைப் பேச்சாளர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். 2018இல் இன்னும் பெரிய எண்ணிக்கையில், கல்லூரி வாசம் அறியாத தாய்மார்களின் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு பாதியாகச் சுருங்கியது. குடும்பச் சூழலையும் முன்திறனையும் கணக்கில் எடுத்ததும் மேலும் சுருங்கியது. 2013இல் வேறொரு குழு, சொன்ன சொல்லைக் காப்பாற்றாத பெரியவரோடு பழகிய பிள்ளைகள் குறைந்த நேரமே காத்திருக்கிறார்கள் என்று காட்டியது. நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லித் தராத பெரியவர்களைப் பார்த்த பிள்ளை இன்றே எடுத்துத் தின்பது புத்திசாலித்தனம்.

10. உங்கள் மண்ணில் நடந்ததையும் படியுங்கள்.

கல்வி வரலாறு என்றால் ரூசோ, ஃபுரோபெல் என்று ஓடுகிறீர்கள். மூத்த மாணவர் இளைய மாணவருக்குச் சொல்லித்தரும் முறையை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியில் நடத்திப் பார்த்து, 1797இல் லண்டனில் நூலாக்கி உலகெங்கும் பரப்பினார் ஆண்ட்ரு பெல். மணலில் விரலால் எழுதப் பழக்குவதும் இங்கிருந்து போனதே. மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார்; போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார். ரிஷி பள்ளத்தாக்கில் உருவான கற்றல் அட்டைகளைக் கண்டு, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்பு மாநிலம் முழுக்கச் செயல்வழிக் கற்றல் வந்தது. அப்போது பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து கற்பித்த ஆசிரியர்கள் இப்போதும் உங்கள் ஊரில் இருக்கிறார்கள். எது நடந்தது, எது படுத்துவிட்டது, ஏன் என்று அவர்களிடம் கேளுங்கள். எந்த நூலிலும் கிடைக்காது.

11. “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று எந்தப் பிள்ளைக்கும் சத்தியம் செய்யாதீர்கள்.

பயிற்சிக்குப் போகும் இளம் ஆசிரியரிடம் பிள்ளைகள் மனம் திறப்பார்கள். பெண் பிள்ளைகள் மதிய இடைவேளையில் ஒதுங்கி வந்து நிற்பார்கள். கேளுங்கள், பொறுமையாகக் கேளுங்கள். ஆனால் பாலியல் தொல்லை என்று தெரிந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்காமல் விடுவது குற்றம். தூண்டித் துருவிக் கேட்டுப் பிள்ளையை மறுபடி மறுபடி சொல்லவைக்கக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098 எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். “உனக்கு உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்” என்று சொல்லுங்கள். அது காப்பாற்றக்கூடிய வாக்கு.

தனியாள் ஆய்வு எழுதும்போது பிள்ளையின் பெயர், தெரு, அப்பாவின் தொழில் மூன்றும் சேர்ந்தால் ஊரே அடையாளம் கண்டுவிடும். மாற்றி எழுதுங்கள். ஆசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டே அந்தக் கதையைப் பேசாதீர்கள்.

12. பிரம்பை மட்டும் கீழே போட்டால் போதாது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. முதலாவது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதைப் படிக்காததுபோல் இருப்போம். “உங்க அக்கா எப்படிப் படிச்சா, நீ ஏன் இப்படி?” என்பதும் அதில் சேரும்.

13. சேருவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள்.

பி.எட். இரண்டாண்டில் இருபது வாரம் பள்ளியில் இருக்க வேண்டியவர்கள் நீங்கள். அது பிடிக்குமா என்பது சேர்ந்தபின் தெரிய வேண்டிய செய்தி அல்ல. வீட்டுப் பக்கத்துத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியரிடம் அனுமதி கேளுங்கள். அவர் தயங்கினால், எந்தக் குழந்தையையும் படம் எடுக்க மாட்டேன், பெயர் எழுத மாட்டேன் என்று எழுதிக் கொடுங்கள். ஒரு முற்பகல் முழுக்கக் கடைசி வரிசையில் தரையில் உட்காருங்கள். ஏதாவது ஒரு பிள்ளையைத் தேர்ந்துகொண்டு, அது செய்ததை மட்டும் நேரத்தோடு எழுதுங்கள். மணி அடிக்கும்போது உங்களுக்குச் சலிப்பு வந்திருந்தால், உளவியலில் நிறுவன உளவியல், விளம்பர ஆய்வு என்று வேறு கிளைகள் உண்டு. அவையும் நல்ல படிப்புகளே, சம்பளமும் கூடுதல். சலிப்பு வராதவர்கள் விண்ணப்பம் போடுங்கள்.